கேஸ் ஸ்டடியில் நானும் விழுந்த பள்ளம்

ஆய்வு மாணவர்கள் சிலரின் கேஸ் ஸ்டடி (ஓர் ஆளையோ நிறுவனத்தையோ நிகழ்வையோ எடுத்து ஆழமாக அலசும் ஆய்வு) வரைவுகளை அண்மையில் படித்தேன். எழுத்துப்பிழை, நீளம் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை; அதை யாரும் திருத்திவிடுவார்கள். நான் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளத்தில் வரிசையாகக் கிடந்தார்கள் என்பதுதான் விஷயம்.

நின்றுபோனவர்களிடம் மட்டும் கேட்பது

ஒரு பயிற்சி வகுப்பிலிருந்து பாதியில் ஏன் நிற்கிறார்கள் என்பது என் முதல் ஆய்வு. நின்றுபோன 11 பேரைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தேன். 9 பேர், "மாலை நேரம் ஒத்துவரவில்லை" என்றார்கள். காரணம் கிடைத்துவிட்டது என்று அறிக்கை கொடுத்தேன். வகுப்பைக் காலைக்கு மாற்றினார்கள். நிற்பது குறையவே இல்லை.

அப்புறம்தான், கடைசிவரை வந்தவர்களிடம் பேசத் தோன்றியது. அவர்களுக்கும் மாலை நேரம் ஒத்துவரவில்லையாம்! புலம்பிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எட்டு மாத வேலை வீண்.

இதே கோளாறு உயிரோடு விளையாடிய கதையும் உண்டு. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, அதன் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இந்தக் குளிரில் தாங்குமா என்று வாக்குவாதம் நடந்தது. வேண்டாம் என்ற பொறியாளர்களால் அதை நிறுவ முடியவில்லை. அங்கே அலசியது வளையம் பழுதான பயணங்களை மட்டும்: 53 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் பழுது, 75இலும் பழுது. அப்படியென்றால் குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பழுதாகாத பயணங்களையும் விசாரணைக் குழு பிறகு சேர்த்துப் பார்த்தது. 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பழுது. 65க்குக் கீழே இருந்த நான்கிலுமே பழுது. இதைப் பார்த்தது, கிளம்பிய விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்த பிறகு.

அதனால்தான், வெற்றிபெற்ற ஐந்து நிறுவனங்களை எடுத்து 'பொதுப் பண்புகள்' என்று பட்டியல் போடும் வரைவைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அதே பண்புகளோடு மூழ்கிப்போனவை எத்தனை என்று கேட்டால், "அது என் தலைப்பில் இல்லை சார்" என்கிறார்கள்.

"ஒரே ஒரு கேஸ்தானே" என்று கூசுவது

வலிப்புக்காக 1953இல் மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசனுக்கு, அதன்பின் புது நினைவுகள் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முந்தைய நாள் வரைந்ததுதான் நினைவில் இல்லை. நினைவு ஒரே வகையல்ல என்று காட்ட அந்த ஒருவர் போதும். எத்தனை சதவீதம் பேர் என்ற கேள்வியை மட்டும் ஒற்றைக் கேஸிடம் கேட்காதீர்கள்.

பேட்டியோடு நிறுத்திக்கொள்வது

போதாது. பதிவேட்டையும் புரட்டுங்கள்.

முடிவை முதலில் தேடுவது

இது வகுப்பில் கேஸ் படிக்கிறவர்களுக்கு. ஹார்வர்ட் பாணிக் கேஸ்கள், அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலை வகுப்பில் விவாதிக்கத் தரும் விவரணைகள், பெரும்பாலும் முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் வேண்டுமென்றே நின்றுவிடும். உடனே கைபேசியில் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று தேடிவிட்டால் எல்லோரும் மேதைதான். நான் தாளை மூடிவிட்டு, என் முடிவைத் தேதி போட்டு எழுதி வைப்பேன். பாதிக்குமேல் தப்பாகத்தான் இருக்கும்.