கொழுக்கட்டைப் புல்லில் மகரந்தக்குழாய் பார்ப்பது எப்படி?

ஒரே பனையின் கொட்டைகளை ஊன்றினாலும் ஆணும் பெண்ணும் கலந்துதான் முளைக்கும். ஆடுமாடு மேயும் கொழுக்கட்டைப் புல் அப்படியில்லை. விதை போட்டால் பெரும்பாலும் தாய்ப்புல்லே அச்சு அசலாக வரும். குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறையாத முட்டை செல், கருவுறாமலே கருவாகிவிடுவதுதான் காரணம். இதற்கு அப்போமிக்சிஸ் என்று பெயர். அப்புறம் மகரந்தம் எதற்கு? நாமே பார்த்துவிடலாம்.

முதலில் கதிர் வேண்டும். கார்த்திகை மழைக்குப் பின் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம் பக்கம் ஆடு வாய் வைக்காத வேலியோரங்களில் தேடுங்கள். நரிவால் மாதிரி இருக்கும். இலையுறையிலிருந்து அப்போதுதான் தலைநீட்டும் இரண்டு கதிர்களுக்கு பட்டர் பேப்பர் உறை போடுங்கள். பாலிதீன் வேண்டாம், நம்மூர் வெயிலில் உள்ளே வியர்த்துக் கதிர் அவிந்துவிடும்.

இனி தினமும் காலையில் உறையைத் திறந்து லென்ஸில் பாருங்கள். முதலில் வெள்ளை இறகு போல இரட்டைச் சூல்முடிகள், அதாவது மகரந்தத்தைப் பிடிக்கும் பெண் பாகங்கள், வரும். மகரந்தம் உள்ள தாதுப்பைகள் பிறகுதான் எட்டிப் பார்க்கும். அவை வெடிக்கும் முன் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. அதனால் கதிருக்குப் பத்துப் பூங்கொத்து மட்டும் விட்டு, மற்றதை ஆரம்பத்திலேயே கத்தரித்துவிடலாம்.

ஒரு கதிரின் சூல்முடிமேல் வேறொரு பூத்த கதிரைத் தட்டி மகரந்தம் உதிருங்கள். புல் மகரந்தம் சீக்கிரம் செத்துவிடும், எடுத்து வைத்தால் பயனில்லை. மற்றக் கதிருக்கு எதுவும் வேண்டாம். இரண்டுக்கும் மறுபடி உறை.

ஒரு மணி நேரம் கழித்து, மகரந்தம் போட்டதில் இரண்டு மூன்று பூக்களைக் கிள்ளி, மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். கழுவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப்பால் மெல்ல அழுத்துங்கள். பீனால் தோலைச் சுடும், கையுறை கட்டாயம். மைக்ரோஸ்கோப்பில், உருண்டை மகரந்தத்திலிருந்து நீல நூல் ஒன்று இறகுக்குள் இறங்குவது தெரியும். அதுதான் மகரந்தக்குழாய். முதல்முறை பார்க்கும்போது எனக்குக் கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

குழாய் சூலுக்குள் இரண்டு ஆண் செல்களைக் கொண்டு சேர்க்கும். முட்டை செல்லுக்கு அவை தேவையில்லை. ஆனால் அவற்றில் ஒன்று, சூலின் நடுவில் உள்ள, இதுவும் குரோமோசோம் பாதியாகாத துருவ உட்கருவோடு சேர்ந்து, கருவுக்கு உணவான கருவூணாகிறது. சாதாரணப் பூவில், குரோமோசோம் பாதியான இரண்டு துருவ உட்கருக்கள் ஓர் ஆண் செல்லோடு சேரும். இங்கே பாதியாகாத ஒன்றே போதும். இரண்டிலும் தாய்ப்பங்கு இரண்டு, தந்தைப்பங்கு ஒன்று. ஆக, மகரந்தம் வருவது பிள்ளைக்குச் சோறு போட.

கொத்துகள் உதிரத் தொடங்கியதும் இரண்டு கதிர்களையும் விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். மகரந்தம் போட்டதில் கெட்டியான மணி தட்டுப்படும். மற்றதில் வெறும் உமி.