ஆர்மா 3 மிஷன் எடிட்டிங்: புதியவர்களுக்குப் பாட வீடியோ எடுப்பது எப்படி

ஆர்மா 3 என்ற போர் விளையாட்டில் மிஷன் அமைக்க உதவும் ஈடன் எடிட்டரில் தவறு செய்தால் பெரும்பாலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ட்ரிக்கர் (நிபந்தனை உண்மையானதும் ஒரு விளைவைத் தொடங்கிவைப்பது) பேசாமல் கிடக்கும், எதிரிப் படை வைத்த இடத்திலேயே நிற்கும், ஆட்டக்காரரின் பணியைச் சொல்லும் டாஸ்க் திரைக்கு வரவே வராது. கற்றுக்கொள்ள வந்தவர் எடிட்டரை மூடிவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். ஆனால் பாட வீடியோக்களில் எல்லாமே முதல் தடவையிலேயே ஓடிவிடுகின்றன. பார்ப்பவர் அதே படிகளைச் செய்தும் ஓடவில்லை என்றால் அந்த வீடியோவில் அவருக்குப் பதில் இல்லை. ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் மூன்று விஷயங்கள் வேண்டும்: செய்யப்போகும் ஒரே ஒரு செயல், அது ஓடாமல் போகும் ஒரு நிலை, ஓடாததற்கான காரணம். இந்த வழிகாட்டி முழுவதும் அதையொட்டியே போகிறது.

ஈடன் 2016இல் ஆர்மா 3க்கு வந்த முப்பரிமாண எடிட்டர். அதற்கு முந்தைய பழைய இருபரிமாண எடிட்டருக்கான வீடியோக்கள் இன்றும் தேடலில் வந்து புதியவரைக் குழப்புகின்றன. ஆர்மா ரீஃபோர்ஜர் என்ற வேறு விளையாட்டின் எடிட்டரோ முற்றிலும் வேறு. எனவே தலைப்பிலேயே "ஆர்மா 3, ஈடன்" என்று எழுதுங்கள். விளையாட்டின் பதிப்பு எண்ணை வீடியோ தொடக்கத்தில் ஒருமுறை காட்டுங்கள்.

பதிவுக்கு முன் விளையாட்டைத் தயார் செய்தல்

லாஞ்சரில் எல்லா மாட்களையும் (பிறர் செய்த கூடுதல் இணைப்புகளை) அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மாட் இருந்தால் எடிட்டரின் பண்புப் பெட்டிகளில் கூடுதல் பகுதிகள் முளைக்கும். பார்ப்பவரின் திரையில் அவை இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், மாட் பொருள் ஒன்றை மிஷனில் வைத்துவிட்டால் அந்த மாட் இல்லாதவரிடம் கோப்பு சரியாகத் திறக்காமல் போகலாம். காசு கொடுத்து வாங்கும் டிஎல்சி ஆயுதங்களையும் வாகனங்களையும் தவிருங்கள். நிலப்பரப்பு ஆல்டிஸ், ஸ்ட்ராடிஸ், விஆர் இந்த மூன்றுக்குள் இருக்கட்டும். அடிப்படை விளையாட்டை வாங்கிய எல்லோரிடமும் இவை உண்டு. ட்ரிக்கர், வேபாயின்ட் (குழு போக வேண்டிய புள்ளி) பாடங்களுக்கு விஆர் மிக நல்லது: சீக்கிரம் லோடாகும், மரமும் புல்லும் இல்லாததால் கண் சிதறாது. புல்வெளி வேறொரு வகையிலும் தொல்லை. அசையும் புல்லை யூடியூப் சுருக்கும்போது படம் கலங்கி எழுத்துகளும் மங்கிவிடும்.

மிஷனின் நேரத்தைக் காலை 10 மணி வாக்கில் வையுங்கள். மேகம் குறைவாக, மூடுபனி இல்லாமல் இருக்கட்டும். வீடியோ அமைப்பில் இன்டர்ஃபேஸ் அளவை "லார்ஜ்" ஆக்குங்கள். உங்கள் வீடியோவைப் பாதிப்பேருக்குக் குறையாமல் கைபேசியில்தான் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். எடிட்டரின் சின்ன எழுத்து அங்கே படிக்கவே முடியாது.

ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு சேமிப்புகள் தேவை: பாடம் தொடங்கும் நிலை ஒன்று, முடிந்த நிலை ஒன்று. பதிவு பாதியில் கெட்டால் தொடக்க நிலையைத் திறந்து மறுபடி எடுக்கலாம். பெயரில் இடைவெளி விடாதீர்கள், அடிக்கோடு போடுங்கள். இடைவெளி விட்டால் ஃபோல்டர் பெயரில் அந்த இடத்தில் சதவீதக் குறியும் 20 என்ற எண்ணும் வந்து நிற்கும். "சேவ் ஆஸ்" பெட்டியில் பைனரைஸ் என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் மிஷன் கோப்பை நோட்பேடில் திறந்து படிக்க முடியும்.

பாட வரிசை

முதல் பாடத்தில் ஒரு படைவீரரை வைத்து, பிளே பொத்தானை அழுத்தி, நடந்து பார்த்துவிட்டு எடிட்டருக்குத் திரும்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும். வலது பக்கப் பட்டியலின் எஃப்1 முதல் எஃப்6 வரையான விசைகளை இங்கேயே காட்டிவிடுங்கள்: எஃப்1 ஆப்ஜெக்ட், எஃப்2 காம்போசிஷன், எஃப்3 ட்ரிக்கர், எஃப்4 வேபாயின்ட், எஃப்5 சிஸ்டம், எஃப்6 மார்க்கர். இவற்றை ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். பின்வரும் பாடங்களில் ஒவ்வொரு முறையும் விசையைச் சொல்லிக்கொண்டே அழுத்தினால் தானாகப் பதியும். "பிளேயர்" குறி வேறு, "பிளேயபிள்" குறி வேறு என்பதும் இங்கேயே வரட்டும். முதலாவது தனியாக ஆடும்போது நீங்கள் யார் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது பலர் சேர்ந்து ஆடும்போது மற்றவர்களுக்கான இடம்.

இரண்டாவது பாடம் ரோந்து. எதிரிக் குழுவைத் தேர்ந்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் வேபாயின்ட் விழும். நான்கு மூலைக்கு நான்கு மூவ் வேபாயின்ட், கடைசியாக, சுற்றை மறுபடி தொடங்கவைக்கும் ஒரு சைக்கிள். இங்கே காட்ட வேண்டிய தோல்வி சைக்கிளில் இருக்கிறது. குழு சைக்கிளை அடைந்ததும், அதற்கு மிக அருகில் இருக்கும் வேபாயின்டுக்குத்தான் திரும்புகிறது. முதல் வேபாயின்டுக்கு என்று விதி எதுவும் இல்லை. நான்காவது வேபாயின்டின் பக்கத்திலேயே சைக்கிளை வைத்தால் குழு முதல் மூலைக்குத் திரும்பாமல் போகலாம். முதலில் அப்படி வைத்து ஓடவிட்டுக் காட்டுங்கள். பிறகு சைக்கிளை முதல் வேபாயின்டின் அருகே இழுத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். இரண்டு ஓட்டத்தையும் பார்த்தவருக்கு அந்த விதி மறக்காது.

மூன்றாவது ட்ரிக்கர். ஒரே வீடியோவில் அடக்கப் பார்க்காதீர்கள், இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள். முதல் துண்டில் ஆட்டக்காரர் ட்ரிக்கரின் வட்டத்துக்குள் நுழைந்ததும் திரையில் ஒரு வரி வரட்டும். ஆக்டிவேஷன் புளூஃபோர் (ஆட்டக்காரரின் தரப்பு), வகை பிரசன்ட். ட்ரிக்கர் தன் நிபந்தனையை அரை நொடிக்கு ஒருமுறைதான் சரிபார்க்கிறது. அதனால் வேகமான வாகனத்தில் சிறிய வட்டத்தைக் கடந்தால் அது தவறவிடக்கூடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடிக்குள் வாகனம் ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடும். 5 மீட்டர் ஆரத்தில் ஒன்று, 50 மீட்டர் ஆரத்தில் ஒன்று என்று இரண்டு வட்டங்களை அடுத்தடுத்து வைத்துச் சில தடவை ஓட்டிக் காட்டுங்கள்.

அடுத்த துண்டு, எதிரிகள் எல்லோரும் ஒழிந்ததும் மிஷன் முடிவது: ஆக்டிவேஷன் ஆப்ஃபோர் (எதிரித் தரப்பு), வகை நாட் பிரசன்ட், ட்ரிக்கர் வகை எண்ட். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இதில்தான். வட்டம் எதிரி ஒருவரைக்கூட மூடவில்லை என்றால், அதற்குள் எதிரி யாரும் இல்லை என்பது தொடக்கத்திலேயே உண்மையாகிவிடும். பிளே அழுத்திய உடனே மிஷன் முடிந்துபோகும். எதிரி ஒருவர் உயிரோடு வட்டத்துக்கு வெளியே ஓடினாலும் அவர் "இல்லை" என்றே கணக்காகும். இந்த இரண்டு தோல்விகளையும் நடத்திக் காட்டுங்கள். வட்டத்தைப் பெரிதாக்குவது முதல் தீர்வு, டைமர் இரண்டாவது. டைமரில் கவுன்ட்டவுனுக்கும் டைம்அவுட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல வீடியோக்கள் தாண்டிப் போய்விடுகின்றன. கவுன்ட்டவுனில் நிபந்தனை ஒருமுறை உண்மையானால் போதும், நேரம் கழிந்ததும் ட்ரிக்கர் வெடிக்கும், அதாவது செயல்படும். டைம்அவுட்டில் அந்த நேரம் முழுவதும் நிபந்தனை உண்மையாகவே நீடிக்க வேண்டும். வட்டத்தைவிட்டு ஓடிய எதிரி திரும்பி வந்தால் டைம்அவுட் தன்னைத் தானே ரத்து செய்துகொள்ளும். இங்கே நமக்கு வேண்டியது அதுதான்.

மூன்றாம் துண்டில் ட்ரிக்கரை வேபாயின்டோடு இணையுங்கள்: ட்ரிக்கரின் மேல் வலது கிளிக், கனெக்ட், பிறகு செட் வேபாயின்ட் ஆக்டிவேஷன். இணைத்த வேபாயின்டுக்குப் போவதையே ட்ரிக்கர் தடுக்கும் என்று புதியவர் நினைப்பார். அப்படி இல்லை. குழு அந்த வேபாயின்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ட்ரிக்கர் வெடிக்கும்வரை அதை முடித்துக்கொண்டு அடுத்ததற்கு நகராது. ஆகவே குழுவைத் தொடக்க இடத்திலேயே நிறுத்தி வைக்க, அவர்கள் காலடியில் ஒரு வேபாயின்ட் போட்டு அதைத்தான் ட்ரிக்கரோடு இணைக்க வேண்டும். தாக்க வேண்டிய இடத்தில் உள்ள வேபாயின்டோடு இணைத்தால் எதிரிகள் முன்கூட்டியே வந்து காத்திருப்பார்கள். இதைச் சொல்லும்போது "எம்" அழுத்தி வரைபடத்துக்கு மாறுங்கள். கோடுகள் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

நான்காவது டாஸ்க். டாஸ்கை உருவாக்கும் கிரியேட் டாஸ்க் மாட்யூலை ஆட்டக்காரரோடு சிங்க் செய்யாவிட்டால் (கோடிட்டு இணைக்காவிட்டால்) டாஸ்க் யாருக்கும் வராது, காரணமும் தெரியாது. வேண்டியவை மூன்று கோடுகள்: ஆட்டக்காரரிலிருந்து கிரியேட் டாஸ்குக்கு, ட்ரிக்கரிலிருந்து டாஸ்கின் நிலையை மாற்றும் செட் டாஸ்க் ஸ்டேட்டுக்கு, செட் டாஸ்க் ஸ்டேட்டிலிருந்து கிரியேட் டாஸ்குக்கு. ஒவ்வொரு கோட்டையும் ஒருமுறை நீக்கிவிட்டு ஓட்டிக் காட்டினால் எந்தக் கோடு எதைச் செய்கிறது என்பது விளங்கும்.

ஸ்கிரிப்ட் (விளையாட்டுக்கான கட்டளை வரிகள்) எழுதுவது நான்காவதற்குப் பிறகு வரட்டும். அதற்கு முன் விண்டோஸில் கோப்பு நீட்டிப்புப் பெயர்களைக் காட்டும் தேர்வை இயக்குவதைத் திரையிலேயே செய்துகாட்டுங்கள். இல்லையென்றால் நோட்பேட் கோப்பின் வாலில் ஒரு டிஎக்ஸ்டியை ஒட்டிவிடும். விளையாட்டு அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. லாஞ்சரில் "ஷோ ஸ்கிரிப்ட் எர்ரர்ஸ்" தேர்வையும் இயக்கச் சொல்லுங்கள்.

சோதனை ஓட்டத்தைப் பதிவில் சுருக்குவது

வீடியோ நடுவே எதிரி சுட்டு நீங்கள் விழுந்தால் பாடம் அறுந்துபோகும். ஆட்டக்காரரின் பண்புப் பெட்டியில் "எனேபிள் டேமேஜ்" குறியை எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்திருப்பதை வாயாலும் சொல்லுங்கள், மறைத்தால் பார்ப்பவர் தன் மிஷனில் ஏன் சாகிறோம் என்று தேடுவார். ட்ரிக்கரின் விளைவை மட்டும் காட்ட வேண்டுமானால் ஆக்டிவேஷனை ரேடியோ ஆல்ஃபாவாக மாற்றுங்கள். ஆட்டத்தில் 0-0-1 என்று அழுத்தினால் வெடித்துவிடும். மைதானம் முழுக்க நடந்து போகும் நேரம் மிச்சம்.

படமும் ஒலியும்

விளையாட்டை ஃபுல்ஸ்கிரீன் விண்டோ முறையில் ஓடவிட்டு, திரையைப் பதியும் ஓபிஎஸ் மென்பொருளில் இரண்டு சீன்கள் வையுங்கள்: ஒன்றில் கேம் கேப்சர், மற்றொன்றில் டிஸ்பிளே கேப்சர். கேம் கேப்சர் மட்டும் இருந்தால், ஃபோல்டரைத் திறந்தோ நோட்பேடில் தட்டியோ காட்டும்போது பதிவில் விளையாட்டின் திரைதான் இருக்கும், நீங்கள் செய்வது எதுவும் தெரியாது. சீன் மாற்ற ஒரு ஹாட்கீ போடுங்கள், எடிட்டரின் விசைகளோடு மோதாத ஒன்றாக.

1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் போதுமானது. 60 ஃபிரேமால் பாடத்துக்கு எந்த லாபமும் இல்லை. ஆர்மா 3 சிபியுவைக் கடுமையாகத் தின்னும் விளையாட்டு, அதனால் என்கோடிங்கைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கே விடுங்கள். என்விடியா கார்டில் என்வென்க் என்கோடர், தரத்தைக் குறிக்கும் சிக்யூபி எண் 18 முதல் 22க்குள். பதிவு எம்கேவி வடிவில் இருக்கட்டும். விளையாட்டோ கணினியோ நடுவில் முடங்கினாலும் அதுவரை எடுத்தது மிஞ்சும். சாதாரண எம்பி4 அப்படி முறிந்தால் திறக்காமலே போகலாம். முடித்த பிறகு ஓபிஎஸ்ஸின் ரீமக்ஸ் வழியாக எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம், தரம் குறையாது.

மைக்கை ஒரு ஆடியோ ட்ராக்கிலும் விளையாட்டொலியை இன்னொன்றிலும் பிரித்துப் பதியுங்கள். துப்பாக்கிச் சத்தம் பேச்சை மூடினால் பிறகு குறைக்க அதுதான் வழி. பேச்சின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையே நிற்கட்டும். ஃபேன் ஓடும் அறையில் நாய்ஸ் சப்ரெஷன் ஃபில்டர் உதவும், ஆனால் அதிகம் போட்டால் சொற்களின் கடைசி எழுத்து விழுங்கப்படும். ஃபேனை நிறுத்திவிட்டுச் சிறு சிறு துண்டுகளாகப் பதிவது மேல்.

ஈடனில் பாதி வேலை ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் சேர்ந்த கிளிக்குகளில் நடக்கிறது; பார்ப்பவருக்கு அவை கண்ணுக்குத் தெரியாது. அழுத்தும் விசையைத் திரையில் காட்டும் இன்புட் ஓவர்லே செருகி ஓபிஎஸ்ஸுக்கு உண்டு, அதைப் போடுங்கள். மவுஸை மெதுவாக நகர்த்தி, கிளிக் செய்யும் முன் ஒரு நொடி நிறுத்துங்கள். மெனுப் பெயர்களைத் திரையில் உள்ளபடியே சொல்லி, விளக்கத்தைத் தமிழில் கொடுங்கள். பண்புப் பெட்டி திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் எடிட் செய்யும்போது அந்தப் பகுதியை ஒன்றரை மடங்காவது பெரிதாக்குங்கள்.

ஏற்றும்போது

ஸ்கிரிப்ட் வரிகளை யூடியூப் விவரப் பெட்டியில் ஒட்டாதீர்கள். சிறியது, பெரியது என்பதைக் காட்டும் கோணக் குறிகளை அந்தப் பெட்டி ஏற்காது. நிபந்தனை எழுதும் வரிகளில் அவை அடிக்கடி வரும். வேர்டு வழியாக வந்த வரியில் மேற்கோள் குறி வளைந்திருந்தால் அதுவும் ஓடாது. தொடக்க நிலை, முடிவு நிலை இரண்டு மிஷன் ஃபோல்டர்களையும் ஜிப் செய்து இணைப்பாகக் கொடுங்கள். ஃபோல்டர் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் இருப்பது நிலப்பரப்பின் பெயர், அதை மாற்றக் கூடாது என்று எழுதிவையுங்கள். ஆவணங்கள் ஃபோல்டருக்குள் ஆர்மா 3, அதற்குள் மிஷன்ஸ்: அங்கேதான் போட வேண்டும். தனி புரொஃபைல் வைத்திருப்பவருக்கு அது "அதர் புரொஃபைல்ஸ்" என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். ஒன்டிரைவ் ஆவணங்களை இடம் மாற்றியிருந்தால் அங்கே தேட வேண்டும்.

அத்தியாயங்களுக்கு முதல் நேரக்குறி 0:00 ஆக வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் 10 நொடியாவது நீள வேண்டும். தோல்வியைக் காட்டும் பகுதிக்குத் தனி அத்தியாயம் கொடுத்து, புதியவர் தேடும் சொற்களிலேயே பெயரிடுங்கள்: "பிளே அழுத்தியதும் மிஷன் முடிந்துவிடுகிறதா?" என்பதுபோல.

வெளியிடும் முன், எடிட்டரைத் திறந்தே பார்க்காத ஒருவரிடம் வீடியோவையும் தொடக்கக் கோப்பையும் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வீடியோவைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களை மட்டும் மறுபடி பதிவு செய்து ஒட்டினால் போதும்.