குறைமாதக் குழந்தையின் தாய்க்குத் துணை நிற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் 37 வாரம் நிறையும் முன்பே பிரசவித்த தாய்மாருக்குத் தைரியம் சொல்லப் போகிற புதியவர்கள், செவிலியரானாலும் ஆலோசகரானாலும், மூத்தவர்கள் செய்த தவறுகளையே மறுபடி செய்கிறார்கள். கை கழுவாமல் வார்டுக்குள் நுழைவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை.

"அழுகாத தாயி, அழுதா பாலு வத்திப் போகும்"

பாசத்தோடுதான் சொல்கிறார்கள். எத்தனை பயிற்சி வகுப்பு நடந்தாலும் இந்த ஒரு பேச்சு வார்டைவிட்டுப் போவதில்லை. கேட்கும்போதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

1 கிலோ குழந்தை வார்மரில், அதாவது உடலைச் சூடாக வைக்கும் படுக்கையில் கிடக்கிறது. முதல் நாள் பீய்ச்சினால் சில சொட்டுச் சீம்பால்தான் வரும். குழந்தைக்குக் குழாய் வழியே முதலில் கொடுப்பதும் வேளைக்கு 1 முதல் 2 மி.லி. வரைதான் என்பதால் அதுவே பெரிய உதவி. இதை யாரும் அவளிடம் சொல்வதில்லை. சொட்டைப் பார்த்தவள் தன் அழுகைதான் பாலைக் கெடுத்தது என்று நினைத்துக்கொள்கிறாள். "பாசி எடுக்கக் கடல்ல இறங்குனதாலதான் இப்படி ஆச்சு" என்று மாமியார் போட்ட பழி வேறு. பீய்ச்சுவதை விட்டுவிடுகிறாள்; சில நாளில் பால் நிஜமாகவே குறைந்துவிடுகிறது. "நான் சொன்னேன்ல" என்கிறார் முதலில் சொன்னவர்.

பால் சுரப்பதற்கு புரோலாக்டின் என்ற ஹார்மோன் வேண்டும். மார்பு காலியாகக் காலியாகத்தான் சுரப்பு நிலைக்கும். துக்கமும் வலியும் தடுப்பது ஆக்சிடோசினை, அதாவது சுரந்த பாலை வெளியே தள்ளும் ஹார்மோனை. அந்தத் தடை கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆகவே அவள் அழட்டும், கூடவே பீய்ச்சட்டும்.

முடிந்தால் பிறந்த 1 மணி நேரத்தில், தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாளுக்கு 8 முறையாவது, அதில் ஒன்று நடு இரவில். காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே. முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். விரல் தோலில் வழுக்கினால் வலிக்கும். இரு பக்கமும் மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம். குழந்தையைப் பார்த்தபடி பீய்ச்சினால் இன்னும் எளிதாக வரும்.

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேள்வித்தாள் நிரப்புவது

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாள்தான் எடின்பரோ அளவுகோல். அதில் 10 கேள்விகள், கடந்த 7 நாள் மனநிலையைப் பற்றி. துணைக்கு இருப்பவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கேளுங்கள். மொத்தம் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 10ஆவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்வது பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். வார்டில் திடமாக இருந்தவள் வீட்டுக்குப் போனபின் உடைந்துபோவதுண்டு; அதனால் வீடு போனபிறகும் ஒருமுறை கேளுங்கள்.

எடையை மட்டும் சத்தமாகச் சொல்வது

முதல் வாரத்தில் எடை இறங்கும், பிறந்த எடைக்குத் திரும்ப 10 முதல் 14 நாள் ஆகும் என்பதைத் தராசில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது"

தலைகீழ். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்.

அப்பாவை வாசலில் நிறுத்துவது

கங்காரு முறை அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும் போட்டு, அப்பாவின் வெறும் மார்பில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டி, ஒரு தடவைக்கு 1 மணி நேரமாவது வைக்கலாம். அந்த நேரம் அவள் தூங்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் கரையில்தான் இருப்பார்கள், கூப்பிடுங்கள்.

பேய் பிடித்தது என்று காத்திருப்பது

நாள்கணக்கில் தூங்காமல், காதில் குரல் கேட்கிறது, இது என் பிள்ளையே இல்லை என்கிறாளா? அவசரம். ஏர்வாடிக்குப் போய் வேண்டிக்கொள்வதாகச் சொல்பவரோடு சண்டை வேண்டாம். முதலில் மருத்துவமனை, அன்றைக்கே. குழந்தையோடு அவளைத் தனியே விடக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வது

அது கணவரின் செல்போனாக இருந்தால் அவரோடு கடலுக்குப் போயிருக்கும். பக்கத்து வீட்டு எண், கிராம சுகாதாரச் செவிலியர் எண், இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.