பிள்ளைகளோடு ஊருக்குப் போகமுன் அம்மாவிடம் கேட்க வேண்டியது

கனடாவிலிருந்து சின்னப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகிறவர்கள் டிக்கெட் விலை பார்க்க முதலே ஊருக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். "பிள்ளையள் பேரில ஏதும் நேர்த்தி இருக்கோ?" என்று, அதாவது கோயிலுக்கு ஏதும் செய்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறார்களா என்று, நேரே கேளுங்கள். அம்மாவிடமும் மாமியிடமும் கேளுங்கள், பெரியம்மாமாரையும் விடாதீர்கள். எந்தக் கோயில், என்ன நேர்த்தி, எத்தனை வயதுக்குள் என்பதை எழுதி வையுங்கள். தடுப்பூசிக்கும் விசாவுக்கும் யாரும் பட்டியல் தருவார்கள். இதற்குத் தரமாட்டார்கள். கடந்த ஓகஸ்டில் எங்கள் பயணத்தில் அரைவாசி இந்த ஒரு விடயத்திலேயே போனது.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு, சென்னை வழியாக நேரே ஊரில் போய் இறங்கலாம். ஆனால் இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, சென்னையில் பெட்டிகளை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டிவந்தால், குடும்பத்தில் எல்லோருக்கும் இந்திய விசா வேண்டும். சின்ன விமானம் என்பதால் பெட்டி எடையையும் முதலே பார்க்க வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத்தான் சொல்வேன். இறங்கியவுடனே இரவோடு இரவாக வான் பிடித்து யாழ்ப்பாணம் வெளிக்கிடாதீர்கள். 400 கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட ஓட்டம், சாரதிக்கும் நித்திரை வரும். நீர்கொழும்பில் ஒரு இரவு படுத்துவிட்டுக் காலையில் வெளிக்கிடுங்கள். வான் பிடிக்கும்போது பின் இருக்கைகளில் பாதுகாப்புப் பட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டி இல்லாவிட்டால் நீங்கள் கொண்டுபோகும் பிள்ளை இருக்கையைப் பூட்ட முடியாது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. பிள்ளைகள் எழும்பி நடக்கலாம் என்பதால் ரயிலும் நல்லதுதான், ஆனால் பாதை வேலைகள் நடக்கும் காலங்களில் ஓடாது. விசாரித்துவிட்டு நம்புங்கள்.

தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். கனடா அரசும் அதைத்தான் சொல்கிறது.

கோடையில் ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். முதல் வாரம் பிள்ளைகள் சாமம் இரண்டு மணிக்கு எழும்பி விளையாடுவார்கள், பின்னேரம் நாலு மணிக்குச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நித்திரையாகிவிடுவார்கள். அந்த வாரத்தில் ஒரு வீட்டுக்கும் வருவதாக ஒத்துக்கொள்ளாதீர்கள், கோயிலுக்கும்தான்.

இனி நேர்த்திக்கு வருகிறேன்.

என் மகள் ஏழு மாதத்தில் பிறந்தவள். பல வாரங்கள் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அம்மா வந்து நிற்பதற்கு விசா விண்ணப்பித்தோம். அவர் திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கடிதம் வந்தது. மற்றப் பிள்ளைகளின் அம்மம்மாமார் வந்து சரக்குத்தூள் கறி காய்ச்சிக் கொடுக்கிற நேரத்தில், என் அம்மா வடமராட்சியில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். அந்த நாட்களில் ஒருநாள் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு நடந்து போய், பிள்ளை தப்பிப் பிழைத்தால் அவளின் தலைமுடியைத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். எங்களுக்குச் சொல்லவில்லை. அது அவருக்கும் முருகனுக்கும் இடையிலான கதை.

நாங்கள் அதை அறிந்தது ஊருக்குப் போன பிறகு, புட்டும் மாம்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில். "வாற வெள்ளிக்கிழமை சந்நிதியில பிள்ளைக்கு முடி இறக்கிறம். வானும் சொல்லியாச்சு" என்றார் அம்மா. சொந்தக்காரருக்கும் சொல்லியாயிற்று.

மகளுக்கு ஆறு வயது. செப்டெம்பரில் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். தன் முடியைத் தானே பின்னப் பழகியிருந்தாள். "எனக்கு வேண்டாம், அம்மம்மா" என்று தமிழில்தான் சொன்னாள். இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் எங்கள் வீடுகளில் அதை ஒரு பதிலாகவே எடுப்பதில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அம்மா சாப்பாட்டைக் குறைத்தார். பெரியம்மா வந்து, "பிள்ளை சாகக் கிடக்கேக்க முருகன் வேணும், இப்ப அவருக்குக் குடுக்க முடி இல்லையோ?" என்று கேட்டார். லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் அழைப்புகள் வந்தன. முடி ஒரு மாதத்தில் வளரும் என்றார்கள், அம்மாவின் மனதை நோகடிக்காதே என்றார்கள். பேசியவர்களில் ஒருவரும் தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லவில்லை. என் கணவருக்கும் விருப்பமில்லை. ஆனால் அந்த வீட்டில் மருமகன் வாய் திறந்தால் கதை வேறு பக்கம் போகும். ஆகவே நான்தான் பேச வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போனோம். பூசைக்கு மட்டும் என்றுதான் ஒத்துக்கொண்டேன். ஆனால் முடி இறக்கும் இடத்துக்கு வந்ததும் பெரியம்மா பிள்ளையின் கையைப் பிடித்து இருத்திவிட்டார். அவள் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற குழந்தைகளும் அழத் தொடங்கின. முடி இறக்குகிற ஐயா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பிள்ளை தலையை ஆட்டினால் வெட்டுப்படும். நான் தொடமாட்டன்" என்றார். அவரை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். பிறகு பூசகர் ஒருவரிடம் கேட்டோம். பிள்ளை வளர்ந்து தானாக வந்து தரட்டும், இப்போது அன்னதானத்துக்கு அரிசி கொடுங்கள் என்றார். அன்னதானக் கந்தன் என்றே பெயர் பெற்ற கோயில் அது, சுற்றியுள்ள மடங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். அரிசி வாங்கிக் கொடுத்தோம். அம்மா கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும், "அரிசி வேறை, முடி வேறை" என்றார். அதற்குப் பிறகு என்னோடு நேரே கதைக்கவில்லை. "தேத்தண்ணி வேணுமோ எண்டு கொம்மாட்டைக் கேள்" என்று மகனைத்தான் அனுப்பினார்.

விருப்பமில்லாத பிள்ளையின் தலையில் கத்தி வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை. அதேபோல அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று பேசுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்க அவரை ஒருவரும் விடவில்லை. நடந்து போகக்கூடிய தூரத்தில் முருகன் இருந்தார், அவரிடம் போனார். நான் இங்கே வந்து பிள்ளை பெற்றதால் வந்த தூரம் அது.

நேர்த்தி இருப்பது தெரிந்தால் என்ன செய்யலாம்? பிள்ளை மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வெயில் ஏற முதல் காலையிலேயே செய்யுங்கள், புது பிளேட்டை உங்கள் கையால் கொடுங்கள், மழித்த தலைக்குத் தொப்பி போடுங்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் இங்கிருந்தே அதனிடம் கேட்டு, அது சொல்லும் பதிலை டிக்கெட் எடுக்க முதல் ஊருக்குச் சொல்லிவிடுங்கள். பாற்செம்பு, கற்பூரச்சட்டி, அன்னதானம் என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் அதை நீங்கள் சொன்னால் எடுபடாது. ஊரில் ஒருவரைப் பிடித்து, பூசகர் வாயால் அம்மாவுக்குச் சொல்லவையுங்கள், அதுவும் நீங்கள் போக முதலே. நல்லூர்த் திருவிழாக் காலம் என்றால், 25 நாளில் தேரன்று சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோகாதீர்கள். சாதாரண நாளில் பின்னேரப் பூசைக்குப் போனால் பிள்ளைகள் வீதி மணலில் ஆசைதீர விளையாடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்டவை. ஊர் வீடுகளில் கிணற்றுக்கட்டு உயரம் குறைவு. எங்களுக்கு அது பழகிய இடம், எங்கள் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. நீங்கள் போய்ச் சேர முதல் கம்பி வலை போட்டு மூடச் சொல்லிக் காசு அனுப்புங்கள். போகிற மற்ற வீடுகளிலும் கிணறு எங்கே என்று முதலில் பாருங்கள். குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல் நிலத்தடி நீரில், தோட்டங்களுக்குப் போடும் உரத்தால், நைத்திரேற்று பல இடங்களில் கூடுதலாக இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம். அம்மா முகம் கோணினாலும் போத்தல் தண்ணீரையே பாவியுங்கள்.

காய்ச்சல் வந்தால் இங்கே கொடுப்பதுபோல அட்வில் (ஐபுபுரோஃபென்) கொடுத்துவிடாதீர்கள். டெங்கு என்றால் அது இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை எடைக்கு ஏற்ற அளவு பனடோல் (பரசிற்றமோல்) மட்டும்தான். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, இரவில் வலை போட்டால் மட்டும் போதாது. வடக்கில் மாரி மழையோடு, நவம்பருக்குப் பிறகு அது கூடும். நாய் கீறினாலும் கடித்தாலும் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று ஊரில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

சொந்தக்காரர் வீடுகள் என்று தொடங்கினால் முடியாது. ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் பத்து வருடத்துக்குக் கதை இருக்கும். ஒரு நாளை ஒதுக்கி, அம்மா வீட்டில் சமைத்து எல்லோரையும் அங்கே கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்குத் தங்கள் கட்டில் பக்கத்தில் இருக்கும், நித்திரை வந்தால் படுப்பார்கள்.

கடைசி மூன்று நாளையும் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். கடைக்கும் போகாதீர்கள். சேலையும் மிளகாய்த்தூளும் முதலே வாங்கி முடியுங்கள். எந்தக் கோபமும் கதைத்துத் தீர நாள் வேண்டும். எங்களுக்கு அந்த நாட்கள் பெட்டி கட்டுவதிலும் கொழும்புக்கு ஓடுவதிலும் போய்விட்டன. அம்மா இப்போது கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் பிள்ளைகளோடு கதைக்கிறார், என்னோடும் கொஞ்சம் கதைக்கிறார். முடியைப் பற்றி இன்னும் இருவரும் வாய் திறக்கவில்லை. மகளுக்கு நேர்த்தியைப் பற்றி, அவள் பிறந்த கதையோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். கொடுப்பதா இல்லையா என்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும்.