பழைய லென்ஸுக்குப் பொருந்தும் ஃபில்டரைக் கண்டுபிடிப்பது எப்படி

ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸ் கைக்கு வந்ததும் முன்வளையத்தில் 2/58 என்று இருப்பதைப் பார்த்து 58 மி.மீ. ஃபில்டர் ஆர்டர் செய்துவிடுபவர்கள் நிறைய. அந்த 58 லென்ஸின் குவியத்தூரம். அதற்குப் போடவேண்டிய ஃபில்டர் 49 மி.மீ. முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: லென்ஸின் முகத்தில் பெரிதாகத் தெரியும் எண்ணுக்கும் ஃபில்டர் அளவுக்கும் சம்பந்தம் கிடையாது. வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்ட குறி (Ø) இருந்து அதன் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அதுதான் ஃபில்டர் அளவு. ஜப்பானிய லென்ஸ்கள் பலவற்றில் இந்தக் குறி இருக்கும், பழைய சோவியத் லென்ஸ்களில் பெரும்பாலும் இருக்காது. மூடியில் எழுதியிருப்பதையும் நம்பி வாங்காதீர்கள், பழைய லென்ஸோடு வரும் மூடி எந்த லென்ஸுடையதோ யாருக்குத் தெரியும்.

அடிக்கடி கைமாறும் லென்ஸ்களுக்கு அளவைச் சொல்லிவிடுகிறேன். பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 55 மி.மீ. f/1.8, 50 மி.மீ. f/1.4 இரண்டும் 49. பழைய நிக்கோர்களில் 50 மி.மீ. f/1.4, 105 மி.மீ. f/2.5 உட்பட ஏகப்பட்டவை 52. கேனான் எஃப்.டி. 50 மி.மீ. f/1.4 வாங்கும்போது மட்டும் கவனம்: பின்பக்கம் வெள்ளி வளையத்தைத் திருகி மாட்டும் பழைய வகை 55, பிறகு வந்த நியூ எஃப்.டி. 52. ஹீலியோஸிலும் இதே கதைதான், 44-2 என்றால் 49, 44எம் என்றால் 52. ஜூபிட்டர்-8, இண்டஸ்டார்-61 எல்/டி இரண்டும் 40.5. இந்த 40.5 விநோதமான அளவாகத் தோன்றினாலும் கேமராவோடு சேர்த்து விற்கும் சோனியின் 16-50 கிட் லென்ஸும் அதே அளவுதான் என்பதால் புது ஃபில்டர் சுலபமாகக் கிடைக்கிறது.

எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லையென்றால் அளந்துவிடுங்கள். ஸ்கேல் போதாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும், விலை குறைந்த பிளாஸ்டிக் காலிப்பரே போதும், உலோக முனை கண்ணாடியில் பட்டுவிடுமோ என்ற பயமும் இருக்காது. லென்ஸின் மரை உள்பக்கம் இருப்பதால் காலிப்பர் மரையின் மேட்டுக்கு மேடு அளக்கும், ஃபில்டரில் போட்டிருக்கும் எண்ணோ மரையின் முழு விட்டம். ஆகவே காலிப்பரில் வருவது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 0.75 பிட்ச் (மரைக்கும் மரைக்கும் 0.75 மி.மீ. இடைவெளி) உள்ள 49 மி.மீ. மரை சுமார் 48.2 என்று காட்டும். அதைப் பார்த்து 48 மி.மீ. ஃபில்டரைத் தேடி அலையவேண்டாம். குறைந்தது மூன்று திசையில் அளந்துபாருங்கள், அளவுகள் ஒன்றுக்கொன்று மாறினால் லென்ஸ் எங்கோ கீழே விழுந்து வாய் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதை நேராக்காமல் எந்த ஃபில்டரும் ஒழுங்காக ஏறாது.

பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். இன்று விற்கும் ஃபில்டர்களில் பெரும்பாலானவை 0.75. சில பழைய சோவியத், ஜெர்மன் லென்ஸ்களில் 0.5 இருக்கும். அப்படிப்பட்ட லென்ஸில் ஃபில்டர் ஒன்றரைச் சுற்று ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், அலுமினிய மரை அழிந்தால் திரும்ப வராது. மாட்டும்போது ஃபில்டரை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள், 'டக்' என்று மரை உட்காரும் இடம் விரலுக்குத் தெரியும், அதற்கப்புறம் இறுக்குங்கள்.

மரையே இல்லாத லென்ஸ்களும் உண்டு. லைக்காவின் பழைய எல்மார் 50 மி.மீ. f/3.5-இல் ஃபில்டரை வெளிப்பக்கமாகச் செருகவேண்டும், அளவு 36 மி.மீ., ஏ36 என்று தேடுங்கள். இந்த வகைக்கு உள்விட்டத்தை விட்டுவிட்டு வெளிவிட்டத்தை அளக்கவேண்டும். பழைய லைக்கா ஆர் லென்ஸ்கள் சிலவற்றில் வருவது சீரீஸ் ஃபில்டர், மரையில்லாத வட்டக் கண்ணாடியை வைத்து மேலே ஒரு வளையத்தைத் திருகி மூடவேண்டும். அந்த வளையம் காணாமல் போயிருந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை, லென்ஸ் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

யாஷிகா மேட் 124ஜி, ரோலைஃபிளெக்ஸ் மாதிரி இரட்டை லென்ஸ் கேமராவுக்கு பயனெட் ஃபில்டர், அதாவது மரையில் ஏற்றாமல் செருகிக் கொஞ்சம் திருப்பிப் பூட்டும் வகை; அதன் அளவுகளை 'பே' எண்ணால் சொல்வார்கள். யாஷிகா மேட், ரோலைகார்டு இரண்டுக்கும் பே 1. பிளானார் அல்லது செனோட்டார் வைத்த 3.5 ரோலைஃபிளெக்ஸுக்கு பே 2, 2.8-க்கு பே 3. அசல் பயனெட் ஃபில்டர் விலை அதிகம், அதனால் பே 1-இலிருந்து சாதாரண மரைக்கு மாற்றும் வளையம் வாங்கிவிடலாம். ஆனால் ரொம்பப் பெரிய அளவுக்குப் போகாதீர்கள், கீழ் லென்ஸில் மாட்டிய ஃபில்டர் மேலே இருக்கும், காட்சியைப் பார்ப்பதற்கான லென்ஸை மறைத்துவிடும்.

நாலைந்து லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, இருப்பதிலேயே பெரிய லென்ஸின் அளவுக்கு நல்ல ஃபில்டராக ஒன்று வாங்கிக்கொண்டு மற்றதற்கெல்லாம் ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டுக்கொள்ளுங்கள். 49-லிருந்து 52, 52-லிருந்து 58 என்று எல்லாம் கிடைக்கிறது. ஒரே குறை, பழைய ஹூடு (லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) அதன்மேல் ஏறாது. ஸ்டெப்-டவுன் ரிங் போட்டுச் சின்ன ஃபில்டரை மாட்டுவதை மட்டும் தவிருங்கள், படத்தின் மூலைகள் இருட்டாகும் ஆபத்து உண்டு.

போலரைசர் (சுற்றிச் சுற்றிச் சரிசெய்து பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வாங்குவதற்கு முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். லென்ஸின் முன்பாகமும் சேர்ந்து சுற்றினால் ஒவ்வொரு முறை ஃபோகஸ் செய்தபிறகும் போலரைசரைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று, நிக்கானின் ரிஃப்ளெக்ஸ் நிக்கோர் 500 மி.மீ. f/8 மிரர் லென்ஸுக்கு 39 மி.மீ. ஃபில்டர் பின்பக்கம் போகும். அது லென்ஸின் ஒளியியல் அமைப்பிலேயே ஒரு பகுதி. நிறமில்லாததாவது ஒன்று எப்போதும் அங்கே இருக்கவேண்டும், கழற்றிவிட்டுப் படம் எடுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபிறகு ஒரு சோதனை செய்துவிடுங்கள், குறிப்பாக 28 மி.மீ. மாதிரி அகல லென்ஸ் என்றால். ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்து f/16-இல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம், ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொரு படம். முதல் படத்தில் மட்டும் மூலைகள் கறுத்திருந்தால் ஃபில்டரின் விளிம்பு உள்ளே எட்டிப்பார்க்கிறது. விளிம்பு மெல்லிய ஃபில்டரையோ ஒரு படி பெரிய ஸ்டெப்-அப் ரிங்கையோ போட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.