பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பெரியாறு பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தாலே எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "ஒரு வண்டி பார்த்திருக்கிறேன், கூட வர முடியுமா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, நல்ல வண்டிதான் என்று என் வாயால் கேட்பதற்காகக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் திருமங்கலத்திலிருந்து அக்கா மகன் அப்படித்தான் கூப்பிட்டான். "மாமா, கலப்பையைப் பூப்போலத் தூக்குகிறது" என்றான். எனக்குச் சுருக்கென்றது. 2009-இல் நானும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

புது பெயின்ட், வழுக்கை டயர், ஒழுகும் ரேடியேட்டர் இதெல்லாம் கண்ணிருப்பவருக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூடாக்கி வைத்த எஞ்சினைக் கேட்டு மயங்குவது

நீங்கள் வருவதாகச் சொல்லிவிட்டால், போய்ச் சேருவதற்குள் எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டிருப்பார்கள். சூடான டீசல் எஞ்சின் சாவியைத் தொட்டதும் எழும்பும். உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்திருப்பது அப்போது தெரியாது. சொல்லாமல் விடிகாலையில் போய் நில்லுங்கள். முதலில் எஞ்சின் மீது கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் வரும் வெண்புகை சிறிது நேரத்தில் அடங்க வேண்டும். நீலப்புகை நின்றபாடில்லை என்றால் ஆயில் எரிகிறது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். பழைய எஞ்சினில் லேசான ஆவி வரத்தான் செய்யும். ரயில் போல குபுகுபுவென்று அடித்தால் லைனர், பிஸ்டன் செலவு காத்திருக்கிறது.

ஹவர் மீட்டர்

பார்க்க வேண்டாம். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டுவதுதான், ஆனால் கேபிள் அறுந்த அன்றே அது நின்றிருக்கும்.

வெறுந்தரையில் லிஃப்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். லிஃப்ட் என்பது வண்டியின் பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கி இறக்கும் அமைப்பு.

நான் வாங்கியது மூன்று சிலிண்டர் வண்டி, பன்னிரண்டு வயது. வாங்கியது சித்திரை மாதம். வயலெல்லாம் காய்ந்து கிடந்ததால் விற்றவர் தன் களத்திலேயே ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டி, நாலைந்து முறை தூக்கி இறக்கிக் காட்டினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தண்ணீர் திறந்ததும் சோழவந்தான் பக்கம் தொழி உழவுக்கு, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக்கும் உழவுக்கு, சுழலும் கத்திகள் கொண்ட ரோட்டவேட்டரோடு இறங்கினேன். முதல் ஒன்றரை மணி நேரம் ராஜ நடை. பிறகு வரப்போரம் திரும்பும்போது லிஃப்ட் முக்கியது. எஞ்சினை முறுக்கினால்தான் ஏறியது. பத்து மணிக்கு முறுக்கினாலும் ஏறவில்லை. ரோட்டவேட்டரைத் தூக்காமல் சேற்றில் வண்டியைத் திருப்ப முடியாது. பாதி உழுத வயலில் வண்டி நிற்க, அடுத்த வயல்காரர் நாற்றைப் பறித்துப் போட்டுவிட்டு வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

காரணம் இதுதான். லிஃப்ட்டைத் தூக்குவது ஆயில் அழுத்தம். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது, பம்பும் சிலிண்டர் சீலும் வால்வும் தேய்ந்திருந்தாலும் கசிவு குறைவாக இருக்கும், அழுத்தம் நிற்கும். வேலை செய்து சூடானதும் ஆயில் இளகி, தேய்ந்த இடுக்குகள் வழியாக உள்ளேயே திரும்பி ஓடிவிடும். அதாவது, களத்தில் ஐந்து நிமிடம் தூக்கிக் காட்டும் சோதனையில் எந்த லொடுக்கு வண்டியும் தேறிவிடும். அதோடு எடை வேறு. ரோட்டவேட்டர் சுமார் 400 கிலோ இருக்கும். கலப்பை அதில் பாதிதான். கலப்பையைத் தூக்குவதை வைத்து ரோட்டவேட்டரைத் தூக்கும் என்று நினைப்பது, குடத்தைத் தூக்கியவனை நெல் மூட்டைக்குக் கூப்பிடுவது போல.

பிரித்துப் பார்த்தபோதுதான் அடுத்த விஷயம் வெளியே வந்தது. பல டிராக்டர்களில் கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். வருடக்கணக்கில் சேற்றில் இரும்புச் சக்கரம் மாட்டி உழைத்த வண்டியில் பின் அச்சின் சீல் போயிருந்தால், சேற்றுத் தண்ணீர் அந்த ஆயிலில் கலந்து பம்பையும் அரித்துவிடும். என் வண்டி அப்படிப்பட்டது. எந்த மண்ணில் உழைத்தது என்று நான் கேட்கவே இல்லை. பம்பு, சீல்கள், வால்வு, கூலி என்று 38,000 ரூபாய் ஆனது. அந்தப் போகத்து வாடகை போனது தனிக் கணக்கு.

இப்போது நான் பார்க்கும் முறை வேறு. காலையில் வண்டி அசைவதற்கு முன், அடியிலிருக்கும் டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்வேன். இரவெல்லாம் நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். அதுதான் முதலில் சொட்டும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் அங்கேயே கிளம்பிவிடுவேன். தெளிவாக இருந்தால், டீசல் செலவு என்னுடையது என்று சொல்லி, ரோட்டவேட்டர் மாட்டி இரண்டு மணி நேரம் உழச் சொல்வேன். கியர் நழுவுகிறதா, எஞ்சின் சூடேறுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். உழுது முடித்த சூட்டோடு எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து லிஃப்ட்டை ஏற்றுவேன். முறுக்கினால்தான் ஏறும் என்றால் பம்பு களைத்துவிட்டது. ஏறி நின்றபின் தலையாட்டுவது போலத் துள்ளிக்கொண்டே இருந்தால், கசிந்து இறங்குவதை பம்பு மீண்டும் மீண்டும் தூக்குகிறது என்று பொருள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குச்சியால் அளந்துகொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால் பழைய வண்டிக்கு மன்னிக்கலாம். ஒரு சாண் இறங்கியிருந்தால் விலையைப் பேசவே வேண்டாம்.

வெயில் காலத்தில் வயல் காய்ந்திருக்கிறதே என்பார்கள். காய்ந்த மண்ணிலும் ஓட்டலாம். ஆயிலைச் சூடாக்க அது போதும்.

டிரெய்லர் இழுத்த வண்டியை உழவு வண்டி என்று நம்புவது

செங்கல் சூளைக்கும் கல் குவாரிக்கும் ஓடிய வண்டியில் லிஃப்ட் புதிது போல இருக்கும். கிளட்ச், பிரேக், முன் அச்சு மூன்றும் செத்திருக்கும். கலப்பை மாட்டும் மூன்று இணைப்புக் கைகளில் தேய்மானமே இல்லாமல் பின் கொக்கி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கதை தெரிந்துவிடும். கிளட்ச் தட்டின் விலையை மட்டும் விசாரித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தைக் கடைசியில் கேட்பது

கடன் அடைந்துவிட்டது என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் அது நீங்காது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளைத் தேட வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். "ரோட்டவேட்டர் மாட்டி இரண்டு மணி நேரம் ஓட்டக் கேள், மாப்பிள்ளை" என்றேன். கேட்டிருக்கிறான். விற்பவர் அன்று மாலையே முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

தரகர் அழைத்துவரும் மெக்கானிக்

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.