முக்கோணக் காதல் நாவலை ரசித்துப் படிப்பது எப்படி? ட்வைலைட்டை வைத்து ஒரு செய்முறை

ஒரு பெண், இரண்டு பையன்கள், அதில் ஒருவன் ரத்தக் காட்டேரி. இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று என் அண்ணன் கேட்டான். அவனுக்கு உட்கார்ந்து விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடத்துக்கு எடுத்துக்கொண்டது ஸ்டெஃபனி மேயரின் ட்வைலைட் வரிசை. ஆங்கிலம் எளிது, கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும், முக்கோணம் பளிச்சென்று தெரியும். கடைசியில் கதாநாயகி பெல்லா எட்வர்டிடம் போகிறாளா, ஜேக்கப்பிடம் போகிறாளா என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் புத்தகம் வரை சில காட்சிகளைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

படி 1: வரிசையாகப் படியுங்கள்

ட்வைலைட் (2005), நியூ மூன் (2006), எக்லிப்ஸ் (2007), பிரேக்கிங் டான் (2008). படம் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, பார்க்காதவர்கள் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள். முதல் புத்தகமே கிட்டத்தட்ட 500 பக்கம். பயப்பட வேண்டாம், பேச்சுதான் அதிகம், ஓடிவிடும். புரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறக்காதீர்கள். ஒரே சொல் மூன்று முறை வந்து இடறினால் மட்டும் பாருங்கள்.

படி 2: அந்த உலகத்தின் சட்டங்களை ஒரு தாளில் எழுதுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. மாயாஜாலக் கதையில் காதல் சிக்கல் மனதிலிருந்து மட்டும் வருவதில்லை, அந்த உலகத்தின் விதிகளிலிருந்தும் வருகிறது. என் தாளில் இருந்தவை:

- எட்வர்டுக்கு எப்போதும் 17 வயது. 1918-இல் ஃப்ளூவில் சாகக் கிடந்தவனைக் காட்டேரியாக மாற்றிவிட்டார்கள்.
- அவன் உடம்பு கல் போலச் சில்லென்று இருக்கும். வெயிலில் தோல் மின்னும். அதனால்தான் குடும்பத்தோடு வாஷிங்டன் மாநிலத்தில் ஓயாமல் மழை கொட்டும் ஃபோர்க்ஸ் ஊரில் இருக்கிறான். (ஊர் நிஜம்.)
- எல்லோர் மனதில் ஓடுவதும் அவனுக்குக் கேட்கும், பெல்லாவுடையது மட்டும் கேட்காது.
- ஜேக்கப் ஓநாயாக மாறுகிறவன். உடம்பு எப்போதும் ஜுரக்காரனைப் போலக் கொதிக்கும்.
- காட்டேரிக் குடும்பத்துக்கும் ஓநாய்களுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு: எந்த மனிதரையும் கடிக்கக் கூடாது.

இப்போது கடைசி வரியை மறுபடி படியுங்கள். பெல்லா காட்டேரியாக மாற ஆசைப்படுகிறாள். மாற வேண்டுமென்றால் யாராவது கடிக்க வேண்டும், கடித்தால் ஒப்பந்தம் முறியும். அதாவது அவள் ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் இன்னொருவனோடு சண்டையே மூளலாம். முக்கோணம் இறுகுவது இந்த முடிச்சில்தான்.

(ஒரு சிறு குறிப்பு: ஜேக்கப் சார்ந்த க்விலியூட் மக்கள் ஃபோர்க்ஸுக்குப் பக்கத்திலுள்ள லா புஷ்ஷில் நிஜமாகவே வாழும் அமெரிக்கப் பூர்வகுடிகள். ஓநாயிலிருந்து தோன்றியவர்கள் என்ற தொன்மமும் அவர்களுக்கு உண்டு. காட்டேரியும் ஒப்பந்தமும் ஆசிரியரின் கற்பனை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

படி 3: அவசரப்பட்டுக் கட்சி சேராதீர்கள்

புத்தகங்கள் வந்த காலத்தில் எட்வர்ட் கட்சி, ஜேக்கப் கட்சி என்று சட்டையே போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சேருங்கள், ஆனால் இரண்டாம் புத்தகம் முடிந்த பிறகு. அதுவரை பையன்களை விட்டுவிட்டுப் பெல்லாவைக் கவனியுங்கள். இவனோடு இருக்கும்போது அவள் எப்படி மாறுகிறாள், அவனோடு இருக்கும்போது எப்படி?

நியூ மூனில் எட்வர்ட் அவளை விட்டுப் போய்விடுகிறான். அதற்கடுத்த பக்கத்தில் 'அக்டோபர்' என்று ஒரே சொல். அடுத்ததில் 'நவம்பர்'. அப்புறம் 'டிசம்பர்', 'ஜனவரி'. வேறு ஓர் எழுத்து கிடையாது. முதல் தடவை போனில் படித்தபோது கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டு, மறுபடி இறக்கிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் நான்கு மாதம் போயிருக்கிறது. அந்தப் பக்கங்களைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள்.

அதன் பிறகு ஜேக்கப்பின் கொட்டகை வருகிறது. பழைய பைக்குகளை அவன் பழுது பார்க்கிறான், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மெல்லச் சிரிக்கத் தொடங்குகிறாள். எட்வர்டோடு இருந்தபோது அவள் இப்படி லேசாக இருந்தாளா? இந்தக் கேள்வி வந்துவிட்டால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

படி 4: ஒரு காட்சியை எடுத்து மெதுவாகப் படியுங்கள்

எக்லிப்ஸில் வரும் கூடாரக் காட்சியைச் சிபாரிசு செய்வேன். மலை மேல் பனிப்புயல். பெல்லா பல் கிட்டிக்கும்படி நடுங்குகிறாள். எட்வர்டால் ஒன்றும் செய்ய முடியாது, அவன் அணைத்தால் இன்னும் குளிரும். ஜேக்கப்பின் உடம்போ 108 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். வேறு வழியில்லாமல், அவள் படுத்திருக்கும் தூக்கப் பைக்குள் போட்டிக்காரன் நுழைவதை எட்வர்ட் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பார்ப்பது மட்டுமா, ஜேக்கப் மனதில் ஓடுவதெல்லாம் அவன் காதில் வேறு விழுகிறது!

இங்கே படி 2-இல் எழுதிய தாளை எடுங்கள். குளிர், சூடு, மனதைக் கேட்பது என்று தனித்தனியாகக் குறித்த மூன்று விதிகளும் ஒரே கூடாரத்துக்குள் மோதுகின்றன. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து இருவரும் மனம் விட்டுப் பேசத் தொடங்குகிறார்கள். அவளோ பாதித் தூக்கத்தில், கனவா நிஜமா என்று தெரியாமல் நமக்குச் சொல்கிறாள். நம் படங்களாக இருந்தால் இந்த இடத்தில் ஒருவர் தியாகம் செய்து ஒதுங்கியிருப்பார், பின்னணியில் ஒரு சோகப் பாட்டு. இங்கே யாரும் ஒதுங்குவதில்லை. ஆனால் ஒருவனை ஒருவன் முன்பு போல வெறுக்க முடியாமல் போகிறது.

படி 5: கோபம் வந்தால் வரட்டும்

எட்வர்ட் அவளுக்குத் தெரியாமல் ராத்திரி அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஜேக்கப்பைப் பார்க்கப் போகக் கூடாது என்று அவள் வண்டியின் இன்ஜினில் கை வைப்பான். ஜேக்கப் மட்டும் யோக்கியனா? அவள் விருப்பமில்லாமல் முத்தமிடுகிறான், அவள் குத்துகிறாள், அடிபடுவது அவள் கைக்குத்தான். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது. நிஜத்தில் யாராவது இப்படிச் செய்தால் வீட்டில் சொல்லுங்கள், போலீசுக்கும் போங்கள். கதையில் ஓரத்தில் பென்சிலால் திட்டி எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

படி 6: நாற்காலி மாறி உட்காருங்கள்

பெரும்பாலும் பெல்லாதான் கதை சொல்கிறாள். அவளுக்குத் தெரிந்ததுதான் நமக்கும். முதல் புத்தகத்தின் கதையையே எட்வர்ட் சொல்வதாக 2020-இல் மிட்நைட் சன் வந்தது. வரிசையை முடித்துவிட்டு வேண்டுமானால் எடுங்கள், தடிமன் ஜாஸ்தி.

ஜேக்கப்பின் பக்கத்தைக் கேட்க அவ்வளவு காத்திருக்க வேண்டாம். நான்காம் புத்தகத்தின் நடுப்பகுதி முழுக்க அவன்தான் பேசுகிறான். படிக்கத் தொடங்குவதற்கு முன் உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். பெல்லாவின் அத்தியாயத் தலைப்புகள் பெரும்பாலும் ஒரு சொல், இரண்டு சொல் என்று அடக்கமாக இருக்கும். ஜேக்கப்புடையவை ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியத்துக்கு நீளும், முழுக்கப் புலம்பலும் நக்கலும். அந்தத் தலைப்புகளைப் படித்துத்தான் நான் கட்சி மாறினேன்.